சாமி புறப்பாட்டு வாரத்தில் இருத்தலியம்

போன வாரம், நம் துறையில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் இருவரும் வீட்டுக்கு வந்தபோது, காபி ஆறுவதற்குள் கேட்டுவிட்டீர்கள்: "மேடம், இருத்தலியம் பேப்பரை எங்க ரெண்டு பேர் தலையில கட்டிட்டாங்க. பசங்க தூங்காம எப்படி எடுக்கறது?" அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். பேச ஆரம்பித்திருந்தால் நீங்கள் பஸ்ஸைத் தவறவிட்டிருப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

தூங்குவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்தப் பாடத்தில் மாணவர்கள் தூங்கினால் யாருக்கும் ஆபத்தில்லை. பாதியில் விழித்துக்கொண்டால்தான் ஆபத்து. லோகேஷ் அப்படித்தான் விழித்துக்கொண்டான்.

லோகேஷ் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் வீடு. அப்பா தணிகாசலம் பட்டு நெய்பவர். காமர்ஸில் இடம் கிடைக்காமல் தத்துவத்துக்கு வந்த பையன். நம் துறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் வருகிறார்கள் என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். மனிதன் தன்னைக் கேட்காமலேயே இந்த உலகத்துக்குள் வீசப்பட்டிருக்கிறான் என்று ஒரு ஜெர்மானியர் சொன்னதை விளக்க எனக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டதே இல்லை. "நீங்க இந்த டிபார்ட்மென்டுக்கு எப்படி வந்து சேர்ந்தீங்க?" என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும். அதற்குப் பிறகு அந்தப் பாடம் தானாகவே ஏறிவிடும்.

தத்துவவாதிகளின் பெயர்களை இங்கே நான் அடுக்கப் போவதில்லை. அவை பரீட்சைக்கு வேண்டும்; இந்தக் கதைக்கு வேண்டாம். டென்மார்க்கில் தொடங்கி, ஜெர்மனி வழியாக, பாரீஸில் வந்து நிற்கும் பாடம் அது. அந்த வருடம் டென்மார்க்கை எடுத்த நாட்களில் லோகேஷ் வரவில்லை. முகூர்த்த மாதம், சேலைகள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் அப்பா அவனைத் தறியில் உட்கார வைத்துவிட்டார். அவன் திரும்பி வந்த அன்று நான் ஜெர்மனியில் இருந்தேன். கடவுள் இறந்துவிட்டார் என்று அறிவித்த அந்தப் பெரிய மீசைக்காரரைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன். லோகேஷ் கண் கொட்டாமல் கேட்டான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவன் நேராக வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னது இதுதான்: "கடவுள் செத்துட்டாரு. பங்குனி உத்திரத்துக்கு நான் தண்டு தூக்க மாட்டேன்."

அவர்கள் தெருவில் ஒரு முருகன் கோயில். பங்குனி உத்திரத்தன்று காலையில் வள்ளி தெய்வானையோடு முருகன் பல்லக்கில் புறப்படுவார். பல்லக்கைத் தாங்கும் நீளமான மரத்தைத்தான் தண்டு என்பார்கள். எந்தக் குடும்பம் எந்த இடத்தில் தோள் கொடுக்க வேண்டும் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வருவது. முன்தண்டில் வலப்பக்கம் லோகேஷ் வீட்டுக்கு. முன்னால் தணிகாசலம், அவருக்கு அடுத்து மகன். அந்த இடம் காலியானால் தெருவே பேசும்.

திங்கட்கிழமை காலையில் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்குள் தணிகாசலமும் அவர்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். நாற்காலிகள் இருந்தும் யாரும் உட்காரவில்லை.

"நீங்கதானா டீச்சரம்மா அது?" என்றார் தணிகாசலம். குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. "படிக்க அனுப்புனா சாமி செத்துப்போச்சின்னு சொல்லிக்கினு வரான். இது இன்னா படிப்பு? இதைத்தான் காலேஜில சொல்லிக் குடுக்கறாங்கன்னா, எங்க தெருப் புள்ளைங்க ஒண்ணுகூட நாளையிலேர்ந்து வராது."

"அந்தப் பாடத்தை நிறுத்திடுங்க. அவ்ளோதான்," என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

அப்போது நம் முதல்வராக இருந்தவர் வேதியியல்காரர். எது எதோடு சேர்ந்தால் பொங்கும் என்று தெரிந்தவர். எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "மேடம், எனக்கு உங்க பாடம் தெரியாது. அது ஆப்ஷனல் பேப்பர்தானே? அடுத்த செமஸ்டர்லேர்ந்து எதிக்ஸ்னு மாத்திடலாம். யாரும் கேக்க மாட்டாங்க. இல்ல, நடத்தியே ஆகணும்னா, நான் உங்க பக்கம் நிக்கறேன். ஆனா அவங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள சொல்லுங்க."

அவரிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நெருக்கடியில் அவர் ஒருபோதும் எனக்காக முடிவெடுத்ததில்லை. ஆனால் நான் முடிவெடுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவார்.

மன்னிப்புக் கேட்டு அவர்களை அனுப்பிவிடலாம். அடுத்த வருடம் அந்தப் பாடம் இருக்காது. கல்விச் சுதந்திரம் என்று நிமிர்ந்து நிற்கலாம். பாடம் இருக்கும், லோகேஷ் இருக்க மாட்டான். வராந்தாவில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டேன். அப்போது எனக்குத் தோன்றியது: இவர் என்மேல் கோபப்படுவதே ஒரு கதையின் நடுப்பக்கத்தை மட்டும் கேட்டதால்தானே? மகன் நடுவில் வந்து உட்கார்ந்தான். அப்பாவும் நடுவிலேயே வந்து சண்டை போடுகிறார். தொடக்கமும் முடிவும் இரண்டு பேருக்கும் தெரியாது.

உள்ளே போனேன். "ஐயா, இப்ப எனக்கு வகுப்பு இருக்கு. உங்க பையனும் அங்கதான் இருக்கான். எல்லாரும் வந்து உக்காருங்க. முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் பாடத்தை நிறுத்தணும்னு சொன்னா நானே எழுதிக் குடுக்கறேன்."

தணிகாசலம் தெருக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் கையிலிருந்த டீயைப் பார்த்தார்கள். "வரோம்," என்றார்.

"தப்பாப் போச்சின்னா?" என்று முதல்வர் என் காதருகில் கேட்டார்.

"போச்சின்னா எதிக்ஸ் எடுக்கறேன் சார்."

அவர் சிரித்துக்கொண்டே எங்கள் பின்னால் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

வேட்டி கட்டிய பெரியவர்கள் வரிசையாக நுழைவதைப் பார்த்ததும் வகுப்பு அடங்கிப்போனது. லோகேஷ் பக்கத்துப் பையனின் முதுகுக்குப் பின்னால் சுருங்கினான். முன் பெஞ்சில் இருந்த யாஸ்மின் மட்டும் நகர்ந்து தணிகாசலத்துக்கு இடம்விட்டாள். அவர்கள் தெருமுனையில் ஜரிகைக் கடை வைத்திருப்பவரின் மகள் அவள். தணிகாசலத்தை அவளுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். "உக்காருங்க அங்கிள். டெஸ்ட் எல்லாம் வெக்க மாட்டாங்க," என்றாள்.

எங்கிருந்து தொடங்குவது? எதிரில் நெசவாளர்கள். ஆகவே, "ஒரு தறியை எடுத்துக்குங்க. பாவு நூல் ஏற்கெனவே போட்டிருக்கு..." என்று ஆரம்பித்தேன்.

தணிகாசலம் கையைத் தூக்கினார். "தறியை வுடுங்க டீச்சரம்மா. அதைத்தான் தெனமும் பாத்துக்கினு இருக்கேன். நேராச் சொல்லுங்க."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். நேராகச் சொன்னேன்.

டென்மார்க்கில் ஒருவர் இருந்தார். அவர் ஊரில் எல்லோரும் கிறிஸ்தவர்கள். பிறந்ததுமே கிறிஸ்தவர்கள்; ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாட்களில் வியாபாரம். அவர் கேட்டார்: இதற்குப் பெயர் நம்பிக்கையா? வீடு வாசல்போல நம்பிக்கையும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேருமா? கூட்டத்தோடு சேர்ந்து நம்ப முடியாது, ஒவ்வொரு மனிதனும் தனியாக, நடுக்கத்தோடு, கடவுள் முன்னால் நிற்க வேண்டும். அங்கிருந்து நம்பிக்கைக்குள் அவனே தாவ வேண்டும் என்றார்.

"இருங்க," என்றார் தணிகாசலம். "இவரு சாமி உண்டுன்றவரா?"

"உண்டுன்னவர்தான். ரொம்ப அழுத்தமா."

அவர் திரும்பி மகனைத் தேடினார். "டேய், இதை ஏன்டா நீ சொல்லல?"

முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "அன்னிக்கி நான் லீவுபா. நீதான் தறியில உக்கார வெச்சிகினே."

கடைசி பெஞ்சில் முதல்வர் சத்தமாகச் சிரித்தார். தெருக்காரர்களும் சிரித்தார்கள். அறையில் காற்று இலேசானது.

அடுத்து மீசைக்காரர். அவர் ஒரு பாதிரியாரின் மகன் என்றேன். கடவுள் இறந்துவிட்டார் என்பதை அவர் விசிலடித்துக் கொண்டாடவில்லை. வாயில் கடவுள் பெயர், வாழ்க்கையில் அது இல்லை. இப்படி இருந்து இருந்து நாமே அவரைக் கொன்றுவிட்டோம், இனி அந்தப் பாரத்தை யார் சுமப்பது என்று பதறினார். அவருக்குப் பின் வந்த இன்னொரு ஜெர்மானியர், நாம் பெரும்பாலும் 'எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்கிறேன்' என்றே வாழ்ந்து முடித்துவிடுகிறோம் என்றார். பிறகு பாரீஸ். உலகப் போரின்போது அந்நியப் படை வந்து பிடித்துவைத்திருந்த நகரம். அடங்கிப் போவதா எதிர்ப்பதா என்று ஒவ்வொருவரும் தினமும் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 'நான் என்ன செய்வது, என் நிலைமை அப்படி' என்று அங்கே யாரும் தப்பிக்க முடியவில்லை. மனிதன் முதலில் வெறுமனே இருக்கிறான். தான் செய்வதால்தான் இன்னார் என்று ஆகிறான் என்று அங்கே ஒரு கூட்டம் பேசியது. அப்படியானால் பெண்ணை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆக்கியது யார் என்று அந்தக் கூட்டத்திலிருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்.

"அதான் அங்கிள் எனக்குப் பிடிச்ச சாப்டர்," என்றாள் யாஸ்மின்.

தணிகாசலம் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி. இதுல எந்தாளு சொல்றது சரி?"

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உங்கள் வேலையில் இந்தக் கேள்வி என்றாவது வரும்; பெரும்பாலும் தப்பான நேரத்தில் வரும். டென்மார்க்காரர்தான் சரி என்று நான் சொல்லியிருந்தால் தெருக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பாரீஸ்காரர் என்றிருந்தால் என் மாணவன் நிமிர்ந்திருப்பான். இரண்டும் என் நாக்கின் நுனியில் நின்றன.

"அதை நான் சொல்லிட்டா இந்தப் பாடமே பொய்யாயிடும்," என்றேன். "சாமி விஷயத்துல இவங்க ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடிக்காத குறைதான். ஆனா ஒண்ணுல எல்லாரும் ஒரே கட்சி. அவர் சொன்னார், எங்கப்பா சொன்னார், டீச்சர் சொன்னாங்கன்னு இன்னொருத்தர் பதிலை வாங்கி வெச்சிக்கினு வாழ முடியாது. உண்டுன்னாலும் சரி, இல்லன்னாலும் சரி, சொல்றது நீங்களா இருக்கணும்."

தணிகாசலம் மெல்லத் திரும்பினார். "கேட்டியாடா? எழுந்திரு. நீ சொல்லு. ஏன் தூக்க மாட்டேன்றே?"

லோகேஷ் எழுந்தான். "கடவுள் வந்து..."

"அது மீசைக்காரர் சொன்னது," என்றாள் யாஸ்மின். "நீ சொல்லுடா."

அவன் அவளை முறைத்தான். ஜன்னலைப் பார்த்தான். கடைசியில் அப்பாவைப் பார்த்தான்.

"போன வருஷம் திருப்பத்துல எனக்குக் கால் வழுக்குச்சி இல்லபா? பல்லக்கு சாஞ்சிது. எல்லாரும் ஓன்னு கத்தினாங்க. நீ ஒண்ணும் சொல்லல. ஆனா திரும்பிப் பாத்தே. அந்தப் பார்வை..." நிறுத்தினான். "சாமி உண்டா இல்லியான்னு எனக்கு நெஜமாவே தெரியல. அது இன்னும் யோசிச்சிக்கினுதான் இருக்கேன். ஆனா தூக்க மாட்டேன்னது பயத்துல."

எவரும் சிரிக்கவில்லை. ஒரு பத்தொன்பது வயதுப் பையன் தன் தெருக்காரர்கள் முன்னால் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தெருக்காரர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "அவன் சொல்லிட்டான். நீ ஏன் தூக்கறே தணிகா?"

"நானா? எங்கப்பா தூக்கினாரு..." என்று ஆரம்பித்த தணிகாசலம் அங்கேயே நின்றுவிட்டார். அவர் முகத்தில் புன்னகை மெதுவாக ஏறியது. "அட! நானும் அந்த 'எல்லாரும்' கேஸுதானா?"

வகுப்பு வெடித்தது. அவரும் தோள் குலுங்கச் சிரித்தார்.

"நெஜத்தைச் சொல்லட்டுமா? தண்டுக்கு அடியில நின்னா சாமி நெனப்பெல்லாம் வராது டீச்சரம்மா. தோள்தான் நெனப்பு. குண்டு குழி பாத்து நடக்கணும். ஊரே நம்மளப் பாத்துக் கையெடுத்துக் கும்புடும். எதைப் பாத்துக் கும்புடுதுன்னு நமக்குத் தெரியாது. அலங்காரத்தோட தெருவுல வர்றப்ப சாமி மூஞ்சி எப்பிடி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. இத்தனை வருஷம் ஆச்சி."

மணி அடித்தது. அவர் எழுந்தார். பாடத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று, "பையன் தூக்க வருவானா மாட்டானான்னு இனிமே நான் கேக்கப் போறதில்ல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து லோகேஷ் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "மேடம், நான் என்ன செய்யணும்?"

சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? போய்த் தூக்குடா, அப்பா சந்தோஷப்படுவார் என்று ஒரு வரி. ஆசிரியருக்கு இதைவிட இனிப்பான பொறி கிடையாது. நல்லவேளை, கேள்வியாகவே கேட்டுவிட்டேன். "திரும்பவும் வழுக்கினா என்ன ஆகும்?"

"எல்லாரும் பாப்பாங்க."

"அப்புறம்?"

யோசித்தான். "அப்புறம்... நடப்பேன்." அவனுக்கே அந்தப் பதில் ஆச்சரியமாக இருந்தது போல. போய்விட்டான்.

பங்குனி உத்திரத்தன்று காலையில் யாஸ்மின் என்னை வரச் சொல்லியிருந்தாள். அவள் அப்பா வருடா வருடம் கடை வாசலில் பந்தல் போட்டு, புறப்பாட்டில் வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பவர். ஒரு டம்ளரை என் கையில் திணித்து, "இங்கேயே நில்லுங்க மேடம், இங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்," என்றார்.

நாதஸ்வரம் முதலில் வந்தது. பிறகு பல்லக்கு. முன்தண்டில் வலப்பக்கம் தணிகாசலம், சட்டையில்லாத தோளில் மடித்த துண்டோடு. அவருக்குப் பின்னால் மகனின் இடத்தில் வேறு யாரோ. லோகேஷ் ஜீன்ஸோடு எங்கள் பக்கத்தில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். என் பார்வையே பதிலாகிவிடக் கூடாதே என்று, நான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தேன்.

பல்லக்கு எங்கள் எதிரில் வந்தபோது போனை யாஸ்மினிடம் நீட்டினான். "புடி." செருப்பை உதறிவிட்டு நேராகத் தண்டுக்கு அடியில் நுழைந்தான். அவனுடைய இடத்துக்கு அல்ல. அப்பாவின் இடத்துக்கு.

"நகருபா."

"டேய், இன்னாடா?"

"இந்தத் தெரு மட்டும். சாமிக்காகன்னு பொய் சொல்ல மாட்டேன். நீ பாக்கணும். அதுக்குத்தான். போ, முன்னாடி போய் நில்லு."

தணிகாசலம் தண்டை விடவே இல்லை. மகன் தோளைக் கொடுத்துத் தள்ளிய பிறகுதான் வெளியே வந்தார். கை கால் எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலக் கொஞ்சம் தடுமாறினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாதஸ்வரக்காரரைத் தாண்டி முன்னால் ஓடினார். நின்றார். திரும்பினார்.

மல்லிகைக்கும் மரிக்கொழுந்துக்கும் நடுவில் முருகன் வந்துகொண்டிருந்தார். காலை வெயில் நேராக முகத்தில் விழுந்தது. தணிகாசலம் கையைப் பாதி தூக்கியவர் கும்பிட மறந்துவிட்டார். வாய் திறந்தபடி நின்றார். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"வள்ளி சிரிக்குதுபா! இத்தனை வருஷமா எவனும் சொல்லலியே, வள்ளி சிரிக்குது!"

ஜனங்கள் சிரித்தார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் மீறி அவரும் சிரித்தார். பல்லக்கைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கத் தொடங்கினார். இரண்டு பேர் அவர் இடுப்பைப் பிடித்து வழி காட்ட வேண்டியிருந்தது.

திருப்பத்தில் லோகேஷுக்குக் கால் வழுக்கியது. ஆமாம், வழுக்கியது. பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. தெரு ஓ என்றது. என் கையிலிருந்த மோர் பாதி கீழே போனது. அவன் பல்லைக் கடித்து நிமிர்ந்து, தண்டைத் தூக்கி நேராக்கினான். உடனே அப்பாவைத்தான் பார்த்தான். தணிகாசலம் எதையும் கவனிக்கவே இல்லை. வள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லோகேஷ் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். தண்டுக்கு அடியில், முகம் சிவந்து, மூச்சு வாங்க ஒரு சிரிப்பு.

"அப்பா! தெரு முடிஞ்சிச்சி! வா!"

"இன்னும் ஒரே ஒரு தெருடா கண்ணு!"

"தோள் வலிக்குதுபா!"

"வலிக்கும். எனக்கும் அப்பிடித்தான் வலிச்சிது. நட!"

யாஸ்மினின் அப்பா மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினார்.

அந்தப் பேப்பரை யாரும் நீக்கவில்லை. அதனால்தான் இன்று உங்கள் தலையில் இருக்கிறது. வரிசையாக எடுங்கள். நடுவில் விழித்துக்கொள்ளும் ஒருவனுக்காக, முதலிலிருந்து முழுக்கதையையும் சொல்ல எப்போதும் ஒரு மணி நேரத்தை மிச்சம் வைத்திருங்கள். பதில் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடிக்கும்போது கொஞ்சம் பொறுங்கள்.

லோகேஷ் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். சாமி உண்டா இல்லையா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லையாம். ஆனாலும் ஒவ்வொரு பங்குனிக்கும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறான். "இந்த வருஷம் எதுக்குடா வந்தே?" என்று கேட்டால் வருடத்துக்கு ஒரு காரணம் சொல்கிறான். ஒரு வருடம் அம்மா கையால் சாப்பிட வந்தேன் என்றான். ஒரு வருடம் சும்மா, தோள் கேட்டது என்றான். போன வருடம் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "தெரியல மேடம், ஆனா நானாத்தான் வந்தேன்," என்றான்.

நான் அவனுக்கு முழு மார்க் போட்டேன்.